மேனி ரெடி... வண்டி ரெடியா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலைச் சொந்தப் பட்டறையில் கட்டிப் பார்க்கும் ஆசை நம் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையில் வித்தை இருக்கிறது. சாலைக்கு வழி இருக்கிறதா?

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். முதல் பந்தயம் தொடங்கச் சற்று நேரம் இருக்கிறது. பிட் வரிசையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பையன்கள் ஒரு பந்தயக் காரின் மேல்மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள். சீர்வரிசைத் தாம்பாளம்போல அவ்வளவு லேசாக எழுந்து வருகிறது. பக்கத்தில் தரையில் கவிழ்த்து வைக்கிறார்கள். வெளிப்பக்கம் முகம் பார்க்கும் பளபளப்பு; உள்பக்கம் தடவினால் தேங்காய் நார்போலச் சொரசொரப்பு. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய ஓடு அது.

மூடி போனபின் மிச்சம் இருப்பதைப் பாருங்கள். முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்த இரும்புக் குழாய்க் கூடு. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின். நான்கு மூலையிலும் ஸ்பிரிங், பிரேக், ஹப். வேகம் போவதும் நிற்பதும் வளைவதும் இந்தக் கூட்டின் வேலை. கவிழ்ந்து கிடக்கும் ஓடு காற்றைக் கிழிக்கிறது, கண்ணைக் கவர்கிறது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஓட்டோடு செல்ஃபி எடுக்கிறார்கள். மெக்கானிக்குகள் கூட்டின் பக்கத்தில் குனிந்து நிற்கிறார்கள். நகல் கார் கட்டும் கனவில் எது வெற்றி, எது விபத்து என்பதை அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் பத்தடி தூரம் சொல்லிவிடும்.

இந்தத் தடம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் முசரவாக்கம் என்ற கிராமமும் இருக்கிறது. காஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் விடியற்காலையிலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். தாத்தா தறியில் இழை சேர்த்தார். பேரன் அசெம்பிளி லைனில் கதவு சேர்க்கிறான். கார் எப்படி உருவாகிறது என்பது இவர்களுக்குத் தினசரி வேலை. அந்தக் கைகளில் இருக்கும் செல்போனில், எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ ஒருவர் 1960-களின் பந்தயக் காரை ஃபைபர் மேனியில் மறுபடி பிறக்க வைக்கும் வீடியோ ஓடுகிறது. ‘நம்மால முடியாதா?’ என்ற கேள்வி வராமல் இருக்குமா?

முடியும். ஆனால் எதை முதலில் கட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வரிக்குத் தப்பிக்கப் பிறந்த கிட்

இந்தக் கலைக்கு ஊர் இங்கிலாந்து. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மேன் 1957-இல் ‘லோட்டஸ் செவன்’ என்ற காரைக் கொண்டுவந்தார். கதவு கிடையாது, கூரை கிடையாது. குழாய்க்கூடும் அலுமினியத் தகடும்தான். அன்றைய பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. அதனால் காரை உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு, ‘கிட்’ என்று விற்றார்கள். பூட்டும் முறையை எழுதித் தந்தால் வரிக்காரர் பிடிப்பார் என்பதால், ‘கழற்றுவது எப்படி’ என்று எழுதித் தந்ததாகவும், வாங்கியவர் அதைப் பின்னாலிருந்து படித்துப் பூட்டியதாகவும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி பிறந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் மேல்கூட்டைப் போல்ட் கழற்றித் தூக்கிவிட்டால், எஞ்சினோடும் சக்கரத்தோடும் தளம் தனியாக நிற்கும். அதன்மேல் எந்த மேனியையும் உட்கார வைக்கலாம். கலிபோர்னியாவில் படகு கட்டத் தெரிந்த புரூஸ் மேயர்ஸ் 1960-களில் அந்தத் தளத்துக்கு ஃபைபர் மேனி வார்த்து ‘மேயர்ஸ் மாங்ஸ்’ என்று பெயர் வைத்தார். பீட்டில் தளத்தில் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல்களும் வரிசையாகப் பிறந்தன.

நகல்களின் ராஜா ஷெல்பி கோப்ரா. 1962 முதல் 1967 வரை பிறந்த அசல் கார்கள் சுமார் ஆயிரம்தான். இன்று அவற்றின் விலை கோடிகளில் இருக்கிறது. உலகெங்கும் ஓடும் கோப்ரா நகல்களோ அதைப்போலப் பல மடங்கு.

பெட்டிச் செய்தி: நம் நாட்டின் ஃபைபர் கார்கள்

• சிபானி டால்ஃபின்: 1982-இல் பெங்களூரிலிருந்து வந்தது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரின் இந்திய வடிவம். 848 சிசி எஞ்சின், முழுக்க ஃபைபர் மேனி. எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் சந்தை மாறிவிட்டது.

• சான் ஸ்டார்ம்: 1990-களின் கடைசியில் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் மேனி, ரெனோவின் 1,149 சிசி எஞ்சின்.

• சின்காரா ரோட்ஸ்டர் 1.8எஸ்: மகாராஷ்டிரத்தின் அலிபாக் பக்கத்திலிருந்து வந்தது. லோட்டஸ் செவனின் சாயலில் கட்டியது. உள்ளே இருந்தது அம்பாசடரில் வந்த அதே இசுசு 1.8 லிட்டர் எஞ்சின்.

கோவை காட்டிய பாதை

நம் மண்ணில் இந்த வித்தையை முறையாக வளர்த்தவர் கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன். ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்து, பந்தயக் காரிலேயே உயிரை வைத்திருந்தவர். சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்கள் அவை. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியுள்ளவர்கள் மட்டுமே முன்வரிசையில் நிற்க முடிந்தது. அந்தக் கதவை எல்லோருக்கும் திறக்கக் கரிவர்தன் கண்டுபிடித்த வழி எளிமையானது: எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடு, அதற்கு உள்ளூரிலேயே குழாய்க்கூடு கட்டு, ஃபைபர் மேனி போர்த்து.

1980-களின் கடைசியில் அப்படிப் பிறந்ததுதான் ஃபார்முலா மாருதி. ஓட வந்த எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார். பணப்பையைவிடக் காலும் கையும் பேசின. ஸ்ரீபெரும்புதூர் அருகே இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அந்தக் காரில் முதல் பந்தயம் ஓடிய கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஃபார்முலா மாருதி எந்தப் புகழ்பெற்ற காரின் நகலும் அல்ல. நகல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் கரிவர்தனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையின் வரிசையை. முதலில் கூடு, அப்புறம் பிரேக், அப்புறம் எஞ்சின். மேனி கடைசி.

அச்சுக்குள் நடப்பது

மேனி எப்படி வார்க்கப்படுகிறது? முதலில் அச்சு. அதன் உள்பக்கத்தில் மெழுகைப் பலமுறை பூசித் துணியால் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறார்கள். ஒரு விரல் அகலம் மெழுகு விட்டுப்போனாலும் அந்த இடத்தில் மேனி ஒட்டிக்கொண்டு அச்சோடு போய்விடும். அடுத்தது ஜெல் கோட். நாளைக்கு நாம் தடவிப் பார்க்கப் போகும் வெளித்தோல் இதுதான்; கனம் அரை மில்லிமீட்டர் அளவே. அது லேசாக இறுகியதும் கண்ணாடி இழை மேட்டைக் கிழித்துக் கிழித்துப் பரப்பி, ரெசினில் நனைத்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உலோக உருளையை அழுத்தி ஓட்டுவார்கள். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் உள்ளே காற்று. உருட்ட உருட்ட வெள்ளை மறைந்து இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கை நிற்கக் கூடாது. உள்ளே தங்கிய காற்றுக்குமிழி, மே மாத வெயிலில் கார் நிற்கும்போது கொப்புளமாக வெளியே வரும்.

வேலை முழுக்க நேரத்தோடு நடக்கும் ஓட்டம். ரெசினில் கலக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். காஞ்சிபுரத்துக் கோடையில் மார்கழிக் காலையின் அளவைக் கலந்தால், பாதி மேட் நனைவதற்குள் குவளைக்குள்ளேயே ரெசின் கட்டிதட்டிப் புகைய ஆரம்பிக்கும். அனுபவசாலிகள் கோடையில் விடியற்காலையில் வார்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்ட்னரையும், ரெசின் சீக்கிரம் இறுகக் கலக்கும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கரைத்துவிட்டு, அதற்குப் பிறகே ஹார்ட்னர். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் புகை தலையைச் சுற்ற வைக்கும். மூடிய அறையில் வேலை செய்யக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, வடிகட்டி வைத்த முகமூடி மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். மேனியைவிட உங்கள் கண் பெரிது.

எலும்பு இல்லாத உடம்பு

நம் ஊரில் நகல் கட்டுகிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் கொடை வண்டி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சக்கரத்தையும் தானம் தரும் பழைய காரைத்தான் அப்படிச் சொல்கிறேன். பீட்டிலுக்குத் தனித் தளம் இருந்தது. மாருதி 800-க்கு அது கிடையாது. அதன் கூரை, தூண், தரைத்தகடு எல்லாம் சேர்ந்துதான் பலம். மேல்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஃபைபர் மேனியை ஒட்டினால், பார்ப்பதற்கு லம்போர்கினி. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அட்டைப்பெட்டிபோல முறுக்கிக்கொள்ளும். தனிச் சேசிஸ் உள்ள ஜீப், ஜிப்ஸி வகைகளோ உயரமானவை. அவற்றின்மேல் இடுப்பளவு உயரமுள்ள பந்தயக் கார் மேனி உட்காராது.

ஆக, புதிதாகக் கூடு கட்டுவதைத் தவிர வழியில்லை. அங்கிருந்து கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முன்னால் இருந்த எஞ்சினைத் தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தால் எடை பின்பக்கம் போகிறது. பழைய காரின் பிரேக்கோ முன்சக்கரத்தில் அதிகப் பாரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அதை அப்படியே மாட்டினால், அவசரத்தில் மிதிக்கும்போது பாரம் குறைந்த முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. வளைவில் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. முன்சக்கர ஹப்பைக் கழற்றிப் பின்னால் பொருத்தும்போது அது பின்சக்கரம் ஆகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இடமும் வலமும் திரும்பும் அதன் குணம் போய்விடவில்லை. ஸ்டீயரிங்கோடு இணைந்திருந்த அந்தக் கையை ஒரு டை ராடு போட்டுக் கூட்டோடு அசையாமல் பூட்ட வேண்டும். அந்த ஒரு போல்ட் வேகத்தில் கழன்றால் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். இவ்வளவு பெரிய காரின் உயிர் விரல் பருமன் இரும்பில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: மேனிக்குப் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்

• கூட்டுக்கு வரைபடம் இருக்கிறதா? கண்ணளவில் வெல்டிங் செய்த சேசிஸை நம்பாதீர்கள்.

• நான்கு சக்கரத்தின் கீழும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தீர்களா? பிரேக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

• பெட்ரோல் டேங்கும் பயணிகள் இடமும் தடுப்புச் சுவரால் பிரிந்திருக்கின்றனவா? சாதாரண ரெசின் எரியக்கூடியது.

• சீட் பெல்ட் எங்கே பூட்டியிருக்கிறது? ஃபைபரில் பூட்டினால் அது பெல்ட் ஆகாது. கூட்டின் இரும்பில் இருக்க வேண்டும்.

• எங்கே ஓட்டப் போகிறீர்கள்? பதில் ‘ரோட்டில்’ என்றால் அடுத்த பகுதியை முதலில் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தெளிவானது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பழைய காரின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு புது மேனியில் சாலைக்கு வந்தால் அந்த ஆர்.சி. வேறொரு வண்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். அடிபட்ட மனிதருக்கான இழப்பீடு கட்டியவரின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆபத்து இருக்கிறது.

சரி, புதுக் கார் என்றே பதியலாமா? அதற்குத் தயாரிப்பாளர் சான்று வேண்டும். மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேர்வு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய நடைமுறை அது. ஒரே ஒரு கார் கட்டும் மனிதருக்கு அங்கே நாற்காலி போடவில்லை. 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்கு ‘விஏ’ எழுத்தோடு தனிப்பதிவு வந்தது. 50 ஆண்டுக்கு மேல் பழையதாகவும், மூல வடிவம் மாறாததாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1965 மாடல் முகத்தோடு போன வருடம் பிறந்த வண்டிக்கு அங்கும் இடமில்லை.

அசாமில் ஒரு மெக்கானிக் மாருதி ஸ்விஃப்ட்டை லம்போர்கினிபோல மாற்றி முதல்வருக்கே பரிசளித்தபோது நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டல் நியாயமானது. ஆனால், அப்படி ஒருவர் தன் வண்டியைச் சட்டப்படி ஓட்டிப்போக என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நகல் வேறு, போலி வேறு

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் வாகனத்தின் மரம் உளுத்துப்போனால் ஸ்தபதி அதே அளவெடுத்துப் புதிதாகச் செதுக்குகிறார். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. சாமி அதில் ஏறி வீதிவலம் வருகிறார். அதே ஊரில், விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிக் காஞ்சிப் பட்டு என்று விற்றால் நெசவாளி வயிறு எரிகிறார். அந்த எரிச்சலுக்குப் பாதுகாப்பாகத்தான் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம்.

காரிலும் அப்படித்தான். 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஃபெராரி கார்களின் தோற்றத்தில் ஃபைபர் கிட் விற்றவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வளைவுகளே ஃபெராரியின் அடையாளம் என்றது நீதிமன்றம். நம் நாட்டில் வடிவமைப்புப் பதிவுக்கு அதிகபட்சம் 15 ஆண்டு ஆயுள். வணிக முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவே இல்லை. ஆகவே ஃபெராரியின் குதிரைச் சின்னத்தை ஒட்டாதீர்கள். ‘நான் கட்டிய நகல்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள். உழைப்பு உங்களுடையது, அடுத்தவர் முத்திரையால் அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு கதவு திறக்கட்டும்

பிரிட்டனில் கொட்டகையில் கட்டிய ஒற்றைக் காரையும் அரசு சோதனை மையத்துக்குக் கொண்டுபோகலாம். பிரேக், விளக்கு, சீட் பெல்ட், ஸ்டீயரிங், புகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தேறினால் சாலைக்கு அனுமதி. தேறாவிட்டால் சரிசெய்துகொண்டு மறுபடி வரலாம். அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றி, பழைய கார்களின் நகலை ஆண்டுக்கு 325 வரை தயாரிக்கச் சிறு நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது.

நம் 52-ஆம் பிரிவும் முழுக்கப் பூட்டிய கதவு அல்ல. அங்கீகரித்த கிட் மூலம் எரிபொருளை மாற்ற அனுமதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு ஏற்ப வண்டியை மாற்றிக்கொள்ளவும் இருக்கிறது. தேவை நியாயமானது, சோதனை சாத்தியமானது என்றால் சட்டம் வழிவிடும் என்பதற்கு இவையே சாட்சி.

சோதிக்க ஆள் இல்லையா? ஒரகடத்தில், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், மத்திய அரசு அமைத்த வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சோதிக்க முறை இல்லையா? கோவை கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய காரோடு வருகிறார்கள். ஓடுமுன் காரை 60 டிகிரி சாய்த்துப் பார்க்கிறார்கள். சக்கரம் மேடையை விட்டு எழும்பக் கூடாது, எண்ணெயோ பெட்ரோலோ ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. வேகமாக ஓட்டிப் பிரேக் பிடித்தால் நான்கு சக்கரமும் பூட்ட வேண்டும். தேறாத கார் தடத்தில் இறங்காது. இருபது வயதுப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தேறிவருகிற தேர்வு இது. இதையே கொஞ்சம் விரித்துச் சாலைக்கும் வைத்தால் என்ன?

அதுவரை கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கார் பந்தயத் தடத்துக்குப் போகட்டும், கண்காட்சிக்குப் போகட்டும். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் சாலைக்கு, சோதிக்காத பிரேக்கோடு வர வேண்டாம்.

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, கோர்வை என்ற இணைப்பில் ஒவ்வோர் இழையாகப் பின்னிக்கொள்கின்றன. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது அந்த ஊரின் பெருமை. தறியிலிருந்து இறக்கியதும் நெசவாளி கை போவது மயிலின்மேலோ மாங்காயின்மேலோ அல்ல. கோர்வையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். முசரவாக்கத்துப் பிள்ளை கார் கட்ட உட்கார்ந்தால், தாத்தாவிடம் கற்றுக்கொள்ள இது ஒன்று போதும். மேனியும் கூடும் சேரும் இடத்தை இழுத்துப் பார்க்கத் தெரிந்தவன் கட்டும் வண்டியில் நான் தைரியமாக ஏறி உட்காருவேன்.